1955: உலகம் ஓட்டுப் போட்ட ஆண்டு

(கிளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தேர்தலைப் பற்றிப் பேச வேண்டுமென்று செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்க நான் வரவில்லை. அதற்கு வேறு மேடைகள் உண்டு. அங்கே ஒலிபெருக்கியும் பெரிது, சாப்பாடும் கிடைக்கும். நான் ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டிலே உலகத்தில் எங்கெங்கே மக்கள் ஓட்டுப் போட்டார்கள், போட்ட ஓட்டு என்ன ஆயிற்று என்று சொல்ல விரும்புகிறேன். அந்த ஆண்டு 1955. மலாயா நாடு முழுவதும் முதன்முதலாக வாக்குச் சாவடிக்குப் போன ஆண்டு அது. நம்முடைய பாட்டன் பாட்டிமார் அப்போது இந்த மாதிரி லயன்களில்தான் குடியிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அன்று ஓட்டுப் போட்டார்கள் என்ற கேள்வியைக் கடைசியில் கேட்கப் போகிறேன். அதற்குமுன் கொஞ்சம் வெளிநாடு போய் வருவோம். கப்பல் செலவு சங்கத்துக்கு இல்லை. பொருளாளர் கவலைப்பட வேண்டாம்.

1955 அக்டோபர் 23, ஞாயிற்றுக்கிழமை. அந்த ஒரே நாளில் உலகின் இரண்டு மூலைகளில் பொதுஜன வாக்கெடுப்பு நடந்தது. சட்டசபைக்கு ஆள் அனுப்பும் தேர்தல் வேறு. பொதுஜன வாக்கெடுப்பு வேறு. ஒரு கேள்வியை மக்கள் முன் வைத்து, இது வேண்டுமா வேண்டாமா என்று நேரே பதில் கேட்பதுதான் பொதுஜன வாக்கெடுப்பு.

ஒன்று ஐரோப்பாவில், பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் இடையில் உள்ள சார் என்ற பிரதேசத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள் கூப்பிடும் சார் அல்ல. இது நிலக்கரிச் சுரங்கமும் இரும்பு ஆலையும் நிறைந்த தொழிலாளர் பூமி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரான்சு அதை ஜெர்மனியிலிருந்து பிரித்துத் தன் பொருளாதாரத்தோடு சேர்த்துக்கொண்டது. நாணயம் பிரெஞ்சு நாணயம். உள்ளூரில் ஓர் அரசாங்கம் இருந்தது. ஜெர்மனியோடு சேர வேண்டும் என்று சொல்லும் கட்சிகளை அந்த அரசாங்கம் அனுமதிக்கவில்லை. பிறகு பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் கூடிப் பேசி, சார் இரண்டு பக்கமும் சேராமல் ஐரோப்பியப் பிரதேசமாகத் தனித்திருக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தன. இதற்கு உங்கள் சம்மதம் உண்டா என்பதே கேள்வி. ஆம் என்று போடுங்கள் என்று பிரான்சு சொன்னது. உள்ளூர் அரசாங்கம் சொன்னது. மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவரே சொன்னார்.

இத்தனை பெரிய மனிதர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். ஆனால் வாக்கெடுப்புக்கு மூன்று மாதம் முன்பாகத் தடை நீக்கப்பட்டது. எதிர்க்கட்சிகள் வெளியே வந்து கூட்டம் போட்டன. உள்ளூர் முதல்வர் ஹோஃப்மன் உடல் பருத்தவர். 'தடியன் போகட்டும்' என்று சுவரெல்லாம் எழுதினார்கள். வெளிநாட்டுக் குழு ஒன்று வந்து கண்காணித்தது. பட்டியலில் இருந்தவர்களில் நூற்றுக்கு 96 பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். எண்ணிப் பார்த்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 68 ஓட்டு 'இல்லை' என்று விழுந்திருந்தது. ஹோஃப்மன் பதவியை விட்டு விலகினார். பிரான்சு அந்த முடிவை ஏற்றுக்கொண்டது. 1957 ஜனவரி முதல் தேதி சார் ஜெர்மனியோடு சேர்ந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அதே பிரதேசத்துக்காக முன்பு எத்தனை ரத்தம் சிந்தினார்கள் என்பது ஐரோப்பியச் சரித்திரம் படித்தவர்களுக்குத் தெரியும்.

அதே ஞாயிற்றுக்கிழமை, நமக்குப் பக்கத்தில், தென் வியட்நாமில் மற்றொரு வாக்கெடுப்பு. அங்கே பெயரளவில் நாட்டின் தலைவர் பாவோ டாய். பழைய சக்கரவர்த்தி, இருப்பதோ பிரான்சில். பிரதமர் நோ டின் டியெம். இருவரில் யார் நாட்டின் தலைவராக இருக்க வேண்டும் என்பது கேள்வி. வாக்கெடுப்பை நடத்தியவர் யார்? அதே டியெம்தான். பாவோ டாய்க்கு ஆதரவாகப் பேசத் தடை. சீட்டு எப்படி இருந்தது தெரியுமா? டியெமுக்குச் சிவப்புச் சீட்டு. அந்த நாட்டு வழக்கப்படி அதிர்ஷ்டத்தின் நிறம். பாவோ டாய்க்குப் பச்சைச் சீட்டு. இரண்டையும் கையில் கொடுப்பார்கள். ஒன்றை உறையில் போட்டுவிட்டு மற்றொன்றைக் கழிக்க வேண்டும். எதைக் கழித்தான் என்று பார்த்துக்கொண்டு அதிகாரி நிற்பான்.

முடிவு, டியெமுக்கு நூற்றுக்கு 98 ஓட்டுக்கும் மேல். சைகோன் நகரில் பட்டியலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4,50,000 பேர். அவருக்கு அங்கே விழுந்த ஓட்டு 6,05,000க்கும் மேல்! நாற்பது கிலோ பால் தரக்கூடிய நிரையிலிருந்து ஒருவன் அறுபது கிலோ கொண்டுவந்து தராசில் வைத்தால், நிறுக்கிற கிராணி அவனுக்கு மாலை போடமாட்டான். வாளிக்குள் மீட்டரை விட்டுப் பார்ப்பான். தண்ணீர் கலந்த பாலுக்குக் கனம் உண்டு, சரக்கு இல்லை. நூற்றுக்கு 60, 70 என்று வந்தால் போதுமே என்று டியெமின் அமெரிக்க ஆலோசகர்களே அவரிடம் சொல்லிப் பார்த்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் கேட்கவில்லை. மூன்று நாளில் குடியரசு என்று பிரகடனம் செய்து தானே ஜனாதிபதியானார். இரண்டு வியட்நாமுக்கும் சேர்த்து 1956இல் பொதுத் தேர்தல் நடத்துவதென்று ஜெனீவாவில் எழுதியிருந்ததை அவர் ஏற்கவில்லை. 1963 நவம்பரில் அவருடைய சொந்தப் படைத்தலைவர்களே அவரைக் கவிழ்த்தார்கள். அவரும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். நூற்றுக்கு 98 பேருடைய அன்பு எட்டு வருஷத்தில் எங்கே போயிற்று? இருந்தால்தானே போவதற்கு!

இதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, அக்டோபர் 16இல், சுவீடன் தேசத்தில் வேடிக்கையான ஒரு வாக்கெடுப்பு நடந்தது. அங்கே அப்போது நம்மைப்போல் சாலையின் இடது பக்கமாக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த நாடுகளில் வலது பக்கம். நாமும் மாறலாமா என்று மக்களைக் கேட்டார்கள். நூற்றுக்கு 83 பேர் மாட்டோம் என்றார்கள். அப்படியானால் விஷயம் முடிந்தது என்றுதான் நாம் நினைப்போம். 1963இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் மாறுவதென்று தீர்மானித்தது. 1967 செப்டம்பர் 3இல் ஒரே இரவில் நாடு முழுவதும் வலப்பக்கம் மாறியது. அங்கே அந்த வாக்கெடுப்பு ஆலோசனை கேட்பது மட்டுமே. அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது என்பதே சட்டம். ஆகவே ஒருவன் வந்து "வாக்கெடுப்பு நடத்துகிறோம், கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால், நாம் முதலில் கேட்க வேண்டியது, முடிவு உங்களைக் கட்டுப்படுத்துமா என்பதுதான். நம் சங்கத்துக்குள்ளும் இந்தக் கேள்வி பொருந்தும். தலைவர் முகம் சுளிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம், இந்தோனேசியா. 1955 செப்டம்பர் 29. விடுதலை பெற்ற இந்தோனேசியாவின் முதல் பொதுத் தேர்தல். ஆயிரக்கணக்கான தீவுகள், எழுதப் படிக்கத் தெரியாதவர் கோடிக்கணக்கில். சீட்டிலே கட்சிச் சின்னம்: ஒரு கட்சிக்கு எருதின் தலை, ஒன்றுக்குப் பிறையும் நட்சத்திரமும், ஒன்றுக்கு உலக உருண்டை, ஒன்றுக்கு அரிவாளும் சுத்தியலும். வேண்டிய சின்னத்தில் ஓர் ஆணியால் குத்தித் துளைபோட வேண்டும், அவ்வளவுதான். செல்லுபடியான ஓட்டு மட்டும் 3 கோடியே 70 லட்சத்துக்கு மேல் விழுந்தது. நான்கு பெரிய கட்சிகள் ஏறத்தாழச் சமபலத்தில் வந்தன. முதல் கட்சிக்கே நூற்றுக்கு 22தான். எழுத்தறியாதவன் ஆளத் தகுதியற்றவன் என்று வெள்ளைக்காரன் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அந்த ஆணித்துளைகள் பதில் சொல்லின.

அதே டிசம்பரில் அரசியல் நிர்ணய சபைக்கும் தேர்தல் நடத்தினார்கள். அந்தச் சபை பேசிப் பேசிப் பார்த்தது, முடிவுக்கு வரவில்லை. 1959 ஜூலையில் ஜனாதிபதி சுகர்னோ ஓர் உத்தரவில் அதைக் கலைத்துவிட்டார். அதற்குப்பின் இந்தோனேசிய மக்கள் மறுபடியும் சுதந்திரமாக ஓட்டுப் போட்டது 1999இல். இடையில் நாற்பத்து நான்கு ஆண்டு! 1955இல் இருபது வயதில் ஆணி குத்திய தொழிலாளி, அடுத்த நல்ல தேர்தலுக்கு அறுபத்து நான்கு வயதில் வந்திருப்பான்.

இனி நம் மரத்தின் சொந்த ஊருக்குப் போவோம். கித்தா மரம் மலாயாவில் பிறந்ததன்று. 1876இல் விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டின் அமேசான் காட்டிலிருந்து விதைகளைக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகளில் சில மறு ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தன. நாம் வெட்டுகிற மரங்களுக்கெல்லாம் தாய்வீடு பிரேசில். அங்கேயும் பால் வெட்டும் தொழிலாளர் உண்டு. நம்மைப்போல் நிரையாக நட்ட மரமல்ல; காட்டுக்குள் இங்கொன்று அங்கொன்றாக நிற்கும் மரத்தைத் தேடிப் போய் வெட்டுவார்கள். முதலாளியின் கடையில் கடனுக்கு அரிசி, உப்பு வாங்கி, பாலைக் கொடுத்துக் கடனைக் கழிப்பார்கள். கடன் மட்டும் கழியாது. கங்காணி காலத்துக் கதை கேட்ட பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1955 அக்டோபர் 3இல் பிரேசிலில் ஜனாதிபதித் தேர்தல். குபிச்செக் என்பவர் நூற்றுக்கு 36 ஓட்டுப் பெற்று வென்றார். துணை ஜனாதிபதியாக வென்றவர் குலார்ட். இந்தப் பெயரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பு தொழில் அமைச்சராக இருந்தபோது குறைந்தபட்சக் கூலியை இரட்டிப்பாக்கச் சொன்னவர் அவர். அதற்காகவே பதவி இழந்தவர். இவர்கள் இருவரும் பதவி ஏற்கவே கூடாது என்று சில இராணுவத்தாரும் அரசியல்வாதிகளும் சதி செய்தார்கள். அப்போது லோட் என்ற தளபதி, நவம்பர் 11இல், தன் படையைக் கொண்டு அந்தச் சதியை முறியடித்தார். தேர்தல் முடிவைக் காப்பாற்ற இராணுவம் இறங்கியது உலகத்தில் அபூர்வம். 1956 ஜனவரியில் இருவரும் பதவி ஏற்றார்கள். பிற்காலத்தில் குலார்ட் ஜனாதிபதியானபோது 1964இல் இராணுவம் அவரைக் கவிழ்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் அந்தத் தேர்தலில் நமக்கு முக்கியம் வென்றவர் தோற்றவர் கதையல்ல. பிரேசிலின் அரசியல் சட்டப்படி எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டு இல்லை. வயது வந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அப்போது எழுத்தறியாதவர்கள். காட்டுக்குள் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் வந்தால் தொழிலாளி கடைக்கணக்கைப் படித்துவிடுவான் என்பதால் முதலாளிமார் அதை வரவிடவும் இல்லை. ஆக, படிக்க விடாமல் செய்வது ஒரு கை. படிக்காதவனுக்கு ஓட்டில்லை என்பது மறு கை. இரண்டு கையும் சேர்ந்து கழுத்தைப் பிடித்தன. எழுத்தறியாதவருக்கு ஓட்டு 1985இல்தான் வந்தது. இந்தோனேசியாவில் 1955இலேயே ஓர் ஆணி செய்த வேலையைப் பிரேசில் செய்ய மேலும் முப்பது வருஷம்!

அந்தக் காட்டிலே 1955இல் பத்து வயதுப் பையனாகத் தகப்பனோடு பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தவர் சிகோ மெண்டிஸ். இளைஞனாக வளர்ந்த பிறகுதான் எழுத்துப் படித்தார். பால்வெட்டுத் தொழிலாளரின் சங்கத் தலைவராகிக் காட்டை அழிக்கவந்த பண்ணை முதலாளிகளை எதிர்த்து நின்றார். 1988 டிசம்பர் 22இல் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம் தொழிலைச் செய்தவர். நம் மாதிரிச் சங்கம் நடத்தியவர். அவர் படம் ஒன்று நம் சங்கக் கட்டடத்தில் மாட்டலாம் என்பது என் யோசனை. தீர்மானமாகக் கொண்டுவரவில்லை, யோசனைதான்.

"நாம் போடுகிற ஆள் ஜெயிக்கப் போவதில்லை, பிறகு எதற்கு ஓட்டு?" என்று கேட்கிற தம்பிமாருக்காக ஜப்பானை ஒரு நிமிஷம் சொல்கிறேன். 1955 பிப்ரவரி 27இல் அங்கே தேர்தல். போரைத் துறந்த அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று சொன்ன ஹடொயாமாவின் கட்சி முதலாவதாக வந்தது. தொழிற்சங்கங்கள் ஆதரித்த சோஷலிஸ்டுகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று தோற்றார்கள். ஆனால் 467 இடத்தில் அந்த இரண்டு கட்சிக்கும் சேர்ந்து 156 இடம் கிடைத்தது. சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 156 என்பது சரியாக மூன்றில் ஒரு பங்கு! தோற்றவர்கள் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டார்கள். அந்த அக்டோபரிலேயே இரண்டு கட்சியும் ஒன்றாயின. அந்த அரசியல் சட்டத்தில் இன்றுவரை ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை.

பிரிட்டனிலும் அந்த மே மாதம் 26இல் தேர்தல் நடந்து ஈடனின் கட்சி வென்றது. நமக்கு அதில் என்ன என்றால், அந்த மந்திரிசபையின் குடியேற்ற நாட்டு அமைச்சர்தான் மலாயாவுக்கும் எசமானர். அவரைத் தேர்ந்தெடுத்ததில் இங்கே வேர்வை சிந்தியவனுக்குப் பங்கில்லை. லண்டனில் ரப்பர்க் கம்பெனிப் பங்கு வைத்திருந்தவனுக்கு இருந்தது.

இனி வீட்டுக்கு வருவோம். முதலில் சிங்கப்பூர். 1955 ஏப்ரல் 2. அதற்கு முந்திய 1951 தேர்தலில் சிங்கப்பூர் முழுவதும் வாக்காளர் பட்டியலில் 50,000 பேர்கூட இல்லை. ஏன்? தானே போய்ப் பெயரைப் பதிந்தவனுக்குத்தான் ஓட்டு. கூலிக்காரனுக்கு அந்த ஆபீசு எங்கே இருக்கிறது என்றே தெரியாது. 1955க்கு முன் சட்டத்தை மாற்றி, தகுதி உள்ளவர் பெயரை அரசாங்கமே எழுதிக்கொண்டது. பட்டியல் 3,00,000 பேராக உயர்ந்தது. பலன் உடனே தெரிந்தது. சட்டசபையில் மக்கள் தேர்ந்தெடுத்த 25 இடத்தில், பணக்காரர் கட்சிகள் வெல்லும் என்று எதிர்பார்த்திருக்க, 10 இடம் பெற்று டேவிட் மார்ஷலின் தொழிலாளர் முன்னணி முதலில் வந்தது. நான்கே பேரை நிறுத்திய மக்கள் செயல் கட்சி மூன்று இடம் பிடித்தது. அவர்களில் தோற்றவர் தேவன் நாயர். பிற்காலத்தில் சிங்கப்பூரின் ஜனாதிபதி ஆனவர். மக்களும் அதே மக்கள், ஊரும் அதே ஊர், மாறியது பட்டியல். சீனாவில் பிறந்த பெருங்கூட்டம் அந்தப் பட்டியலுக்கும் வெளியேதான் நின்றது என்பதையும் மறத்தலாகாது.

இனி மலாயா. 1955 ஜூலை 27, புதன்கிழமை. அவசரகாலம் முடியவில்லை, பல தோட்டங்களைச் சுற்றி முள்வேலி. சட்டசபையில் 98 பேர்; அவர்களில் 52 பேரை மட்டும் மக்கள் தேர்ந்தெடுக்கலாம். கூட்டணிக் கட்சிக்குப் பாய்மரக் கப்பல் சின்னம். 52இல் 51 இடத்தைக் கப்பல் அள்ளிக்கொண்டு போயிற்று. கிரியான் என்ற ஒரே தொகுதி மட்டும் பாஸ் கட்சிக்கு. பெரிய மனிதரான டத்தோ ஓனின் கட்சிக்கு ஓர் இடமும் இல்லை. துங்கு அப்துல் ரஹ்மான் முதலமைச்சரானார். வட கிந்தாவில் வென்ற வீ. தி. சம்பந்தன் அந்த மந்திரிசபையில் தொழில் அமைச்சரானார். ஆண்டு முடிவில், டிசம்பர் 28, 29இல், பாலிங்கில் துங்குவும் மார்ஷலும் சின் பெங்கோடு மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேசியபோது, அவர்கள் வெள்ளைக்காரன் நியமித்த ஆட்களாக அல்ல, ஓட்டு வாங்கிய ஆட்களாக உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷத்தில் மெர்டேக்கா வந்தது. ஓட்டுக்கு அந்தச் சக்தி உண்டு.

கூட்டணி அந்த 52 பேரில் 35 மலாய்க்காரர், 15 சீனர், 2 இந்தியர் என்று நிறுத்தியது. மலாய்க்கார வாக்காளர் மிகப் பெரும்பான்மையாக இருந்த தொகுதிகளில் சீனரும் இந்தியரும் வென்றார்கள். அது அந்த நாளைய மலாய்க்காரருக்கும் துங்குவுக்கும் பெருமை. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். ஜனத்தொகை 60 லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நாட்டில் வாக்காளர் 12,80,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். 11 பேர் சீனர். இந்தியர் உள்ளிட்ட மற்ற எல்லாரையும் சேர்த்தால் 5 பேர்கூட நிறையவில்லை. ஜனத்தொகையில் இந்தியர் மட்டும் நூற்றுக்கு 12 பேர் அளவில் இருந்தார்கள். நாட்டின் முதல் ஏற்றுமதிச் சரக்கு ரப்பர். அதைச் சீவியவன் பெயர், பாலை நிறுத்த கிராணி வைத்திருந்த செக்ரோலில் இருந்தது; துரையின் கணக்கில் இருந்தது; கடைக்காரன் கடன் புத்தகத்தில் நிச்சயமாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் இல்லை.

காரணம் குடியுரிமை. கூட்டரசுக் குடிமகனுக்குத்தான் ஓட்டு. இங்கே பிறந்ததற்கோ இத்தனை ஆண்டு தங்கியதற்கோ சான்று காட்ட வேண்டும். மலாய் மொழி தெரிய வேண்டும். மனுக் கொடுக்க வேண்டும். லயனில் மருத்துவச்சி கையில் பிறந்தவனுக்குச் சான்று எங்கே? அதையெல்லாம் தாண்டியவனும் தானே போய்த் தேர்தல் பட்டியலில் பெயர் பதிய வேண்டும். "எப்படியும் ஊருக்குத்தானே திரும்பப் போகிறோம்" என்று இருந்துவிட்டவர்களும் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆபீசுக்குப் போனால் ஒருநாள் கூலி போகும். காகிதம் வாங்கி என்ன ஆகப்போகிறது என்று அன்று அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை.

என்ன ஆயிற்று என்பது 1969இல் தெரிந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்று 1968இல் சட்டம் செய்து மறு ஆண்டு அமலாக்கினார்கள். முப்பது, நாற்பது வருஷம் மரம் வெட்டியவர்கள், இந்த மண்ணில் பெற்றோரைப் புதைத்தவர்கள், பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். பினாங்குத் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போன கதை நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கும். 1955இல் பட்டியலில் இல்லாதவனுக்காக 1969இல் பேச ஆள் குறைவு. ஓட்டு இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஓட்டில்லாதவன் வீட்டுக்கு எந்த அபேட்சகரும் வருவதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

அதெல்லாம் பழங்கதை, இப்போது பெயர் தானாகவே ஏறிவிடுகிறதே என்பீர்கள். உண்மை. 2021 டிசம்பர் 15 முதல் மலேசியாவில் 18 வயது நிரம்பிய குடிமக்களின் பெயர் தானாகவே பட்டியலில் சேர்கிறது. சிங்கப்பூர் 1955இல் செய்ததை நாம் அறுபத்தாறு ஆண்டு கழித்துச் செய்தோம். 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் வாக்காளர் 2 கோடியே 11 லட்சம் பேர். நல்ல சட்டம், பாராட்டுகிறேன். ஆனால் அந்த ஏடு எங்கிருந்து எழுதப்படுகிறது? தேசியப் பதிவிலாகாவின் ஏட்டிலிருந்து. அங்கே உள்ளவன் இங்கே வருவான். அங்கே இல்லாதவன் எந்தச் சட்டத்தாலும் இங்கே வரமாட்டான்.

நம் ஆட்கள் விழுகிற குழி எங்கே என்று கிராணி வேலையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டி, சாப்பாடு போட்டு, ஊரறியக் கல்யாணம் செய்கிறோம், ஆனால் பதிவதில்லை. 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதவர் கல்யாணத்தைப் பதிந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். பதியாவிட்டால் பிள்ளை, சட்டத்தின் கண்ணில் தாயின் பிள்ளை மட்டுமே. தாயின் குடியுரிமைதான் பிள்ளைக்கு. தாய் குடியுரிமை இல்லாதவள் என்றால், தகப்பன் நீல அட்டை வைத்திருந்தும் பிள்ளை நாடில்லாமல் நிற்க நேரலாம். பன்னிரண்டு வயதில் பள்ளித் தோழர்கள் எல்லாரும் மைகார்டு எடுக்க வரிசையில் நிற்கும்போதுதான் அந்தப் பிள்ளைக்கே விஷயம் தெரிகிறது. பிறகு பதினெட்டில் ஓட்டில்லை. அது போகட்டும், வங்கிக் கணக்கு திறக்கவும், வேலைக்குச் சேரவும், கல்யாணம் பதியவும் தடுமாற்றம். பதியாத கல்யாணத்தின் கடன் இப்படி அடுத்த தலைமுறையின் பேரில் ஏறுகிறது. பிரேசில் முதலாளியின் கடைக்கணக்கைச் சொன்னேனே, அதே கதைதான்.

மற்றொன்று விலாசம். தோட்டம் விற்றுப்போய் மேம்பாட்டாளர் கைக்கு மாறியது, லயன் இடிந்தது, குடும்பம் டவுன் அடுக்குமாடிக்குப் போயிற்று. அட்டையில் மட்டும் இன்னும் பழைய தோட்டத்து டிவிஷன். தேர்தலன்று நாம் ஓட்டுப் போட வேண்டிய சாவடி பழைய ஊரில். பஸ் கூலியை நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

எனவே செயலவை ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி முதல் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு மூன்று கிராணிமார் உட்காருவோம். வீட்டில் உள்ள எல்லாருடைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரம் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லவாவது வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய பள்ளிக்கூடச் சான்று, மருத்துவமனைச் சீட்டு, தோட்டத்தில் பெயர் இருந்த பழைய கூலிச் சீட்டு எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். மனு எழுதும்போது உதவக்கூடும். கல்யாணம் பதியாத தம்பதிகள் இருவருமாக வரவேண்டும். பன்னிரண்டு வயது நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு முதலிடம். படிவத்தை நாங்களே எழுதித் தருவோம். அதற்கு ஒரு காசும் இல்லை. காசு கேட்பவன் யாராயிருந்தாலும் செயலாளரிடம் பெயரைச் சொல்லுங்கள். இன்று ஓவர்டைம் வேலைக்குப் போயிருப்பவர்களுக்கும் ஆறாம் நம்பர் லயனில் படுத்திருக்கும் பெரியவர்களுக்கும் செய்தியைச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு.